கம்பி பதிந்த இடம்

அழகாபுரத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர் ஓரம்
மருதாணி வேலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது ஜேசிபி.
கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.
நான் அந்த வீட்டுக்குப் போனது
எரிந்த மோட்டாரைக் கழற்ற.
திரும்பும்போது டிவிஎஸ் எக்ஸெலில்
முன்னால் மோட்டார், பின்னால் ஒரு கட்டை.

"இத வச்சு என்ன பண்ணுவீங்க, அடுப்புக்கா?"
கேட்டது கோகிலவாணி மேடம். பேங்க்கில் கேஷியர்.
ஆமாம் என்றேன்.
போன்சாய் என்றால்
கூலியில் கழித்துக்கொள்வார்கள்.

என் தொடைப் பருமன் அந்தக் கட்டை.
இருபது வருஷமாவது கத்திரி பட்டுப் பட்டு
மேலே போக வழியில்லாமல்
அடியில் பெருத்த உடம்பு.
முக்கால் முழம் விட்டு மிச்சத்தை அறுத்தேன்.
ஆணிவேரை வெட்டும்போது மட்டும்
மாதையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
காயில் கருகிய நாற்றத்தில்
சோறு தின்கிறவன்.

செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில்
ஜவ்வரிசி வறுத்த தகரத் தட்டு, எண்பது ரூபாய்.
அடியில் ஐந்து ஓட்டை.
சூளைச் செங்கல் உடைத்த சல்லி,
சலித்த மணல், ஒரு பிடி எரு.
மேக்னசைட் பக்கத்து வெள்ளை மண் ஆகாது என்று
ஏற்கெனவே செத்த மூன்று செடிகள்
சொல்லியிருந்தன.

நாற்பத்தோரு நாள் ஒன்றுமில்லை.
நகத்தால் கீறிப் பார்ப்பேன்: பச்சை.
மறுநாள் வேறு இடத்தில் கீறுவேன்.
"கீறியே கொன்னுருவீங்க" என்றான் மாதையன்.
பிறகு வெட்டிய விளிம்பில்
கடுகு வெடித்த மாதிரி ஒன்று,
பக்கத்தில் இன்னொன்று.

கட்டையின் இடுப்பில் ஒரு பள்ளம்.
துணி காயப்போட்ட கொடிக்கம்பியை
யாரோ இறுக்கிக் கட்டி மறந்திருக்கிறார்கள்.
மரம் அதை விழுங்கப் பார்த்து
முடியாமல்
இரண்டு உதடாக நின்றுவிட்டது.
துருவைக் குறட்டால் இழுத்தபோது
அந்த வீட்டாரை வாய்விட்டுத் திட்டினேன்.

எனக்குக் கம்பிக்குப் பஞ்சமில்லை.
எரிந்த காயிலை உரித்தால் தாமிரம்.
தீயில் வெந்தது, சொன்ன பக்கம் வளையும்,
வளைந்தபின் அப்படியே நிற்கும்.
தை மாதம் நாலு இழை முறுக்கிக்
கிளைகளுக்குச் சுற்றினேன்,
பட்டையில் ஈ உட்கார்ந்த பாரம்தான் இருக்கும்.
இடது கிளையைக் கீழே இறக்கினேன்,
ஏற்காட்டுச் சாலை ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
மலையைக் கேட்டுக் கேட்டுத் திரும்புவது போல.
கடை மாடியில் தட்டை வைத்தால்
பின்னால் சேர்வராயன் மலை
மரத்தை விடக் குட்டை.

அப்புறம் சித்திரை வந்தது.
வோல்டேஜ் விழுந்து எழுந்து
ஊர் மோட்டாரெல்லாம் என் கடை வாசலில்.
ராத்திரி பதினொன்று வரை வைண்டிங்.
தண்ணீர் மாதையன் ஊற்றினான்.
கம்பியை யாரும் பார்க்கவில்லை.
ஆடியில் அவிழ்த்தபோது
இடது கிளையில் படிக்கட்டு மாதிரி
சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது வெட்டு.
பதினோரு சுற்று. எண்ணினேன்.
திட்ட ஆளில்லை.

ஐப்பசி மழையில் அதே மோட்டார் மறுபடி எரிந்து
கோகிலவாணி மேடம் ஆட்டோவில் கொண்டுவந்தார்.
கார் வாங்கியாச்சா என்றேன்.
"லோன் இன்னும் வரல, பேங்க்காரிக்கே."
பதினாறு மாசம் ஆனதுக்கு
வாரண்டி உண்டா என்று கேட்டபடி உள்ளே வந்தவர்
தட்டின் முன்னால் நின்றார்.
ஆள்காட்டி விரலை இடுப்புப் பள்ளத்தில் வைத்தார்.
சரியாக உட்கார்ந்தது.
"எங்க கொடிக்கம்பி. நான்தான் கட்டினேன்,
பையனோட தொட்டில் துணி காயப்போட."
விரல் மெல்ல மேலே ஏறி
இடது கிளைக்குப் போனது.
"இது?"

மெக்கரின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே
"இது என்னுது" என்றேன்.

மூன்று இலை கிள்ளினார், கேட்காமல்.
வடிவத்துக்கென்று நான் விட்டுவைத்திருந்த நுனி.
தடுக்கவில்லை.
உள்ளங்கையில் கசக்கியபடி
"பேரிங் உங்க செலவுதானே?" என்றார்.
ஆமாம் என்றேன்.