ஓடாத வண்டியின் அழுத்தம்

சாவியை ஒரு சுற்று. எஞ்சினை எழுப்பவில்லை.
ஸ்கேனரில் தொண்ணூற்றொன்பது.
"நிக்கிற வண்டிக்கா இம்புட்டு பிரஷர்?"
வாடகைச் சேர்கள் அறுபதோடு வந்திருந்த மரியபுஷ்பம்
குனிந்து பார்த்தார்.

அது எஞ்சினுடையது இல்லைக்கா,
கப்பலூர்க் காற்றின் எடை.
உங்க தலைமேலும் அதே எடைதான் உட்கார்ந்திருக்கு.

ஸ்டார்ட்.
ஐம்பத்தெட்டு.
முப்பத்திரண்டுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

திராட்டில் கதவு சாத்திக் கிடக்க
மூன்று பிஸ்டன்கள் இறங்கி இறங்கி
மேனிஃபோல்டைக் காலி செய்கின்றன.
இழுக்குது என்கிறோம். இழுப்பதே இல்லை.
பெரியார் நிலையத்தில் ஒரு சீட்டு காலியானால்
பஸ்ஸா ஆளை இழுக்கிறது?
வெளியே நிற்பதுதான் நெட்டிக்கொண்டு ஏறுகிறது.

இங்கே வேறெதுவோ
டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறது.

காதைக் கொடுத்தேன். உஸ்ஸ்ஸ்.
பிரேக் பூஸ்டர் ஹோஸின் கழுத்தில்
எலி கடித்த பிறை.
கட்டைவிரலால் பொத்தினேன்.
என் ரேகையின்மேல்
வானம் முழுதும் ஒருகணம் அழுந்தியது.

ஐம்பது. நாற்பத்தொன்று.
முப்பத்திரண்டில் நின்று
எஞ்சின் நடுக்கம் விட்டது.

"கைய எடுத்துராதீங்க தம்பி" என்றார்,
"ஏழு மணிக்கு நாகமலையில காதுகுத்து.
அப்படியே பிடிச்சுக்கிட்டே வாங்க."