அனாலிசிஸ்

சிரோஸ் துறைமுகத்தில்
வடம் பிடிப்பவர்கள் நாங்கள் இருவர்.
கிழக்குத் தறியில் அவன்,
மேற்குத் தறியில் நான்.
இருபத்திரண்டு வருடத்தில்
பேசியதைவிடக் கைகாட்டியதே அதிகம்.

ஸ்டமாட்டிஸ் அவன் பெயர்.
எங்கள் காதுக்கு அதில் ‘நில்’ என்று கேட்கும்.
மூன்று பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவள்
சாவை அதட்டிய சொல்
நாலாவதுக்குப் பெயராயிற்று.

டிசம்பரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்,
மஞ்சள் உறையை நீட்டினான்.
மேலே பெரிய எழுத்தில்: அனாலிசிஸ்.
ரத்தம், ஈரல், உப்பு;
எண்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நட்சத்திரக் குறி.
“இத்தனை நட்சத்திரம்
இந்தத் தீவில் எந்த ஓட்டலுக்கும் கிடையாது” என்றான்.

தெயோஃபனியாவுக்கு முந்தின ஞாயிறு
அதே சொல் சர்ச்சில் வந்தது.
தன் அனாலிசிஸ் நெருங்குவதாகச்
சிறையிலிருந்து பவுல் எழுதியதை
வாசகர் மூக்காலே ராகம் போட்டுக் கடந்தார்.
பாதிரியார் ஃபனூரியோஸ் இளைஞர், படித்தவர்.
மரணம் என்று பொருள் என்றார்.
மாலுமிகள் கட்டவிழ்ப்பதைச் சொன்ன சொல் என்றார்.
பவுல் கூடாரம் தைத்தவராயிற்றே,
கூடாரம் பிரிப்பதாகவும் இருக்கலாம்,
அறிஞர்களுக்குள் தகராறு என்றார்.

கூடாரம் எனக்குத் தெரியாது.

விறைத்த வடத்தை
எந்தக் கொம்பனாலும் தறியிலிருந்து எடுக்க முடியாது.
கப்பலின் கனம் முழுதும் அதில் நின்று முனகும்.
அறுந்தால் திரும்பி வந்து ஆளை அடிக்கும்.
ஸ்டமாட்டிஸின் இடக்கையில்
இரண்டு விரல் அப்படிப் போனவை.
அவிழ்க்க வேண்டுமென்றால்
புறப்படப்போகும் கப்பல்
முதலில் கரைப்பக்கம் ஒரு முழம் வரவேண்டும்.
வடம் தொய்யும்.
அந்த ஒரு மூச்சுக்குள்
வளையத்தைத் தூக்கிவிட வேண்டும்.

இதைப் பாதிரியாரிடம் சொல்லவில்லை.
மெழுகுவர்த்திக்குக் காசு போட்டுவிட்டு நடந்தேன்.

அந்த வாரம் அவன் எல்லோரையும் கூப்பிட்டனுப்பினான்.
பதினோரு வருடம் முகம் கொடுக்காத தங்கை கலியோப்பி
அந்த்ரோஸிலிருந்து கப்பலேறி வந்தாள்.
வடம் நானே பிடித்தேன்.
நான் மறந்தே போயிருந்த நாற்பது யூரோவைத்
தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.
சூப் கேட்டான். எலுமிச்சை போதவில்லை என்று திட்டினான்.
தேறி வருகிறார் என்றாள் நர்ஸ்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் ஜன்னல் வழியே
துறைமுகத்தைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

புதன் இரவு தெற்குக் காற்று.
மூன்று விரல் கையைக் கொஞ்சம் உயர்த்தினான்.
கலியோப்பி தண்ணீர் கேட்கிறான் என்று எழுந்தாள்.
தண்ணீர் இல்லை.
கிழக்குத் தறியிலிருந்து எனக்கு அவன்
இருபத்திரண்டு வருடம் காட்டிய கை அது.

நானும் கையைக் காட்டினேன்.

மறுநாள் ஏழு இருபது கப்பலுக்கு
இரண்டு தறிக்கும்
நானே ஓடினேன்.