வலப்பக்கம் பார்க்கும் பீவர்

பதினோரு ஆண்டுகளாக என்னிடம் இருப்பது
இடப்பக்கம் பார்க்கும் பீவர்.
கழுத்துப்பட்டையின் ஒரு முனைக்கு மட்டும்.
கட்டைவிரல் நகமளவு பித்தளை,
மேப்பிள் இலைமேல் குந்தியிருக்கிறது,
முதுகில் இரண்டு செப்புக் காதுகள்
அப்படியே.

கழுத்துச் சின்னங்களைச் சோடியாகத்தான் அடிப்பார்கள்.
ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பது விதி.
என்னுடையது
பச்சைக் கம்பளித் துணியில்
யாரும் இல்லாத பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பட்டாளம் சண்டையே போடவில்லை.
கோதுமை அறுத்த கையோடு வந்து சேர்ந்தவர்கள்,
ஒரு குளிர்காலம் முழுக்கக் கண்காட்சிக் கொட்டகையில்
மாடுகள் நின்ற இடத்தில் படுத்து எழுந்து
இடம் வலம் பழகினார்கள்.
கப்பலேறி இங்கிலாந்தில் இறங்கியதும்
கலைத்துவிட்டார்கள்.
இங்கே நாற்பது பேர், அங்கே அறுபது பேர்,
செத்தவர்களின் இடத்துக்கு.
தொப்பியிலிருந்ததைக் கழற்றிவிட்டு
வேறொன்றைக் குத்திக்கொண்டார்கள்.

அதனால்தான் விலை.
நான்கு ஆண்டு சேற்றில் நின்ற படையின் சின்னம்
இருபது டாலருக்கு வாளி வாளியாகக் கிடைக்கும்.
ஏழு மாதமே உயிரோடிருந்த ஒன்றுக்கு
என் பனியள்ளும் லாரியின் டயரை விற்க வேண்டும்.
இந்தக் கணக்கை மனைவியிடம்
நான் சொல்லிப் பார்த்ததில்லை.

பிப்ரவரி. மூஸ் ஜா.
முன்னாள் படைவீரர் மன்றக் கூடம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே மடக்கு மேசைகள், காகிதக் கோப்பையில் காபி,
பூதக்கண்ணாடியை மார்பில் தொங்கவிட்ட ஆண்கள்.
ஓசிப் ஹ்ரிச்சுக் போலியை முகர்ந்தே சொல்லிவிடுவார்:
“வார்த்தது. விளிம்பைத் தடவிப் பார்,
வெந்த உருளைக்கிழங்கு மாதிரி.
அச்சில் அடித்தது நகத்தைக் கீறும்.”
அவர் மேசையில் எல்லாமே கீறும்.
விலையும்.

கடைசி மேசையில் அகனேதா ஃப்ரீசன்.
சின்னம் விற்பவள் அல்ல. பின்னல் கையுறை,
ஜாம் புட்டி, ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான்.
பழக்க தோஷத்தில் கையை விட்டுத் துழாவினேன்.
எலும்புப் பொத்தான், கண்ணாடிப் பொத்தான், ஒரு சாவி.
பிறகு
அது.
வலப்பக்கம் பார்த்தபடி.

திருப்பினேன்.
காதுகள் இரண்டையும் யாரோ அரத்தால் அறுத்திருந்தார்கள்.
அந்த இடத்தில் ஈயம் உருக்கி
ஓர் ஊசி,
ஒரு பெண் மேல்கோட்டில் குத்திக்கொள்ள.
எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் ‘கெட்டுப்போனது’.
பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டேன்,
“இது எவ்வளவு?”
“தனியாகத் தரமாட்டேன். டப்பாவோடு பதினைந்து.”
“யாருடையது?”
“டப்பாவா? ஏலத்தில் எடுத்தது.”

அவ்வளவுதான் கதை.
ஊசி மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது,
தடித்த துணியில் பலமுறை ஏறி இறங்கியதுபோல்.
சிப்பாய் பசை போட்டு மெருகேற்றினால்
முழுச் சின்னமும் சமமாகத் தேயும்.
இதில் பீவரின் முகம் மட்டும் இல்லை.
ஒரே இடத்தில்,
ஒரே விரல்.

இரவு இரண்டையும் துணியில் வைத்தேன்.
முதலில் நெருக்கமாக, மூக்கோடு மூக்கு.
பார்க்கச் சகிக்கவில்லை.
பிறகு தள்ளி வைத்தேன். இன்னும் கொஞ்சம்.
சட்டையில் எப்படி இருக்குமோ அப்படி,
நான்கு விரல் இடைவெளியில் நின்றன.

நடுவே பச்சைத் துணி.
அங்கேதான் குரல்வளை இருந்திருக்கும்,
சவரக்கத்தி பட்ட சிறு கீறலோடு,
எச்சில் விழுங்கும்போது ஏறி இறங்கி.

ஒரே கழுத்து என்பதற்குச் சாட்சி ஒன்றும் இல்லை.
ஆயிரம் பேர், ஆயிரம் சோடி.
இதில் பாதி ஒருவனுடையதாகவும்
மீதி அவனைப் பார்த்தே இராத இன்னொருவனுடையதாகவும்
இருக்கலாம்.
நான் நகர்த்தவில்லை.

தொலைபேசி அடித்தது. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்களாம்,
லாரியை எடு.
பொத்தான்களை டப்பாவில் கொட்டி மூடினேன்.
சாவியை மட்டும் வெளியே வைத்தேன்,
எதைத் திறக்குமோ.
ஜாக்கெட்டின் ஜிப்பைக்
கழுத்துவரை ஏற்றினேன்.