நாலே முக்கால் டன்

ஆளுக்கு முப்பது ரூபாய் சீட்டு.
பாப்பாவுக்குப் பதினைந்து.
கேட்டில் இருந்தவரிடம் சொல்லிப் பார்த்தேன்,
இந்தச் சிலைகளையெல்லாம் இறக்கி வைத்தவன் நான்தான் என்று.
சிரித்துவிட்டு
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

கோடை ஏரி இங்கே ஒரு விரலை நீட்டி மடக்குகிறது.
படகுக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை.
புல் நனைந்திருக்கிறது.
ஜெசிந்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.
இன்பா ஓடுகிறாள்,
ஒவ்வொரு பலகையிலும் நின்று எழுத்துக் கூட்டி
'தொடாதீர்' என்பதை மட்டும்
சத்தமாகப் படிக்கிறாள்.

எனக்குப் பலகை வேண்டியதில்லை.
அந்த இரும்புக் காட்டுமாடு ஆயிரத்து நூறு கிலோ,
தலை கனம், பின்பக்கம் லேசு.
வெண்கல மனிதன் உள்ளே காலி,
காற்றடித்தால் பெல்ட்டில் பம்பரமாகச் சுற்றுவான்.
மர அலைகள் மூன்று,
மூன்றும் ஒரே தூக்கில்.
இதுக்கெல்லாம் என்னங்க அர்த்தம், என்றாள் ஜெசிந்தா.
அடியில் நாலு போல்ட், என்றேன்.

கடைசியில், தண்ணீரை ஒட்டி, அவள்.
கருங்கல். நாலே முக்கால் டன்.
முழங்காலை மடக்கி உட்கார்ந்து
பாதி முகத்தை ஏரிக்குக் கொடுத்திருக்கிறாள்.
பலகையில் பெயர்: 'நீர் கேட்பவள்'.
தாகமா, காதா என்று
அதில் எழுதவில்லை.

அவளை ஏற்றிய லாரிக்குப் பின்னால்
காட் ரோட்டிலிருந்து முதல் கியரில்
ஒன்பது மணி நேரம் கிரேனை உருட்டி வந்தேன்.
டம்டம் பாறையில் ரேடியேட்டர் கொதித்தது.
நாங்கள் பிரிக்காத பரோட்டாப் பொட்டலத்தைக்
குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன.
தார்ப்பாய்க்குள் அவள்
எந்தப் பக்கம் பார்த்து வந்தாளோ.

இறக்கிய அன்று பனி.
பூம் முனை எனக்கே தெரியவில்லை.
கீழே நின்று தவசி கை காட்டுகிறான்,
கை இல்லை, குரல்தான்:
இறக்கு, இறக்கு, ஒரு சாண், இரு, இருடா...
டக்.

சோற்றில் கல் கடித்த மாதிரி
சின்னச் சத்தம்.
இடது காது மடல்,
கட்டைவிரல் நகம் அளவு.
தவசி அந்தச் சில்லை எடுத்து
லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டான்.
இன்றும் அது அவன் வீட்டில்
ஆடும் டிவி மேஜையின் ஒரு காலுக்கு அடியில்.

மறுநாள் சென்னையிலிருந்து சிற்பி வந்தார்.
சுற்றிச் சுற்றி நடந்தார்.
காதுக்கு நேரே நெடுநேரம் நின்றார்.
கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிட்டுப் போனார்.
அப்புறம் ஒரு வருஷம்
தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால்
நான் எடுத்ததில்லை.

இன்று அவளைச் சுற்றி ஒரு கூட்டம்.
கழுத்தில் அட்டை தொங்கும் கைடு பையன்
குளிருக்குக் கையைத் தேய்த்தபடி சொல்கிறான்:
"காதைப் பாருங்க சார். வேணும்னே உடைச்சிருக்காரு.
முழுசா இருக்கற காது
தன் பேச்சைத்தான் கேக்கும்.
உடைஞ்ச காதுலதான் தண்ணி நுழையும்."
ஒரு பெரியவர் மங்கி குல்லாவைக்
காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.
அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்,
அதுவும் கரண்ட் போன ஒரு ராத்திரியில்.
நான் ஏரியைப் பார்த்தேன்.
சிரிப்போ என்னவோ,
தொண்டையில் ஏதோ
கொக்கியில் மாட்டாமல் ஆடியது.

கூட்டம் நகர்ந்ததும்
பலகையை மீறி, உடைந்த இடத்தில்
விரலை வைத்தாள் ஜெசிந்தா.
பாசி பிடிச்சிருக்கு, என்றாள்.
இன்பாவுக்கு எட்டவில்லை, தூக்கச் சொன்னாள்.
பதினெட்டுக் கிலோ.
கல்லின் காதில் வாயை வைத்து
ஹலோ, என்றாள்.
யாரோ எடுப்பார்கள் என்பதுபோல் காத்திருந்தாள்.

நாலு மணிக்கு ஏரியிலிருந்து பனி எழுந்தது.
முதலில் காட்டுமாடு.
பிறகு வெண்கலக்காரன், சுற்றாமல்.
மூன்று அலையும் ஒரே தூக்கில்.
பெல்ட் இல்லை, கொக்கி இல்லை,
கீழே நின்று கத்த ஒரு தவசி இல்லை.
கடைசியில் அவளையும்,
நாலே முக்கால் டன்னையும்,
ஒரு சத்தமில்லாமல்.

ஆபரேட்டர் யாரோ.
நல்ல கை.