எரிமலைப் பாதை: நான்கு நாள், மூன்று இரவு

சவரிராயன் அச்சடித்த தாளில் அப்படித்தான் இருக்கிறது.
எரிமலை எங்கே என்று கேட்டேன்.
செம்மண் இருக்கிறதே, போதாதா என்றார்.
புதுச்சேரியிலிருந்து ஏழு வாடகை சைக்கிள், இரண்டு பம்பு,
ஒரு முதலுதவிப் பெட்டி, வழிகாட்டி நான்.
தையல்நாயகி. விருந்தாளிகள் வாயில்
'தை' என்று நின்றுவிடும் பெயர்.

ஐந்து பேரில் ஒருத்தி மட்டும்
தாளைப் படித்து எதுவும் கேட்காமல்
நாலாய் மடித்துப் பையில் வைத்தாள்.
ரீயூனியன் தீவு. ழோஸ்லின் மர்தாய்.
மர்தாய்? மருதையா?
இருக்கலாம், கப்பல் எழுத்தர் காதில் விழுந்தது அதுதான் என்றாள்.
அதற்குமேல் அந்தப் பேச்சில்லை.
அரியாங்குப்பம் பாலத்தில் எதிர்க்காற்று,
மூச்சுக்கு வேறு வேலை இருந்தது.

கேப்பர் மலை மலையே அல்ல,
கடலூர்க்காரர்கள் ஒரு மேட்டுக்குத் தந்த மரியாதை.
ஆனாலும் கடைசி கியரில் தொடைக்குத் தெரியும்.
சிறை மதிலைத் தாண்டி, முந்திரிக்குள் இறங்கி,
மழை அறுத்த ஓடையில்
சைக்கிளைத் தோளில் தூக்கி நடந்தோம்.
இருபுறமும் சிவப்பு.
தேனடை மாதிரி துளைத்துளையாய்ச் செம்புரைக்கல்.
ஜெர்மன்காரர் ஒன்றைத் தட்டிப் பார்த்து
லாவாவா என்றார்.
அச்சடித்த தாளை நினைத்தேன்.
மாதக் கடைசியை நினைத்தேன்.
என் தலை பாதி ஆடியது.
ழோஸ்லின் அந்தக் கல்லை வாங்கி
மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.
"இது வெந்த கல் இல்லை,
ஊறிய கல்."
என்னைப் பார்க்காமல் சொன்னாள். அது உபகாரம்.

பண்ருட்டியில் ஒரு பலாவுக்கு முக்கால் மணி நேரம்.
எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னேன், யார் கேட்டது?
கைப்பிடியில் ஒட்டிக்கொண்டே வந்தார்கள்
நெய்வேலி வரை.

அங்கே மூன்றாம் நாள் மதியம்,
சாலையோரம் நிறுத்தினோம்.
உள்ளே விடமாட்டார்கள். காவலர்
விசிலைக் காட்டினார், ஊதவில்லை.
தூரத்தில் படிப்படியாய் இறங்கும் பள்ளம்,
அடியில் கறுப்பு,
ஒரு மூலையில் நூலளவு புகை.
பழுப்பு நிலக்கரி, காற்றுப் பட்டால்
சில சமயம் தன்னாலே கனலும்.
இதோ என்றேன்,
மூன்று நாளில் முதன்முறையாக வெட்கமில்லாமல்.

எல்லோரும் படம் எடுத்தார்கள். அவள் எடுக்கவில்லை.
"எங்கள் மலையை யாரும் தோண்ட வேண்டாம்.
அதுவாக வந்து சாலையை மூடும்.
ஆறியதும் அதன் மேலேயே புதுச் சாலை போடுவோம்.
என் அப்பாவுக்கு அதுதான் வேலை.
ஒரே வளைவை மூன்று முறை போட்டார்.
மழை பெய்தால் தார் ஓரத்தில்
பல மாதம் ஆவி எழும்."
கோபம் வராதா?
"யார்மேல்?"

இரவு விடுதி வாசலில்
பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னேன்.
எங்களுக்கு எல்லாம் கிழக்கிலிருந்துதான்.
ஒருமுறை காற்று,
முந்திரி முழுவதையும் ஒரே பக்கம் படுக்கவைத்துப் போனது.
அதற்கு முன் ஒருமுறை தண்ணீர்,
தேவனாம்பட்டினத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை.
காற்றுக்கு வரும்போதே பெயர் இருந்தது.
தண்ணீரின் பெயரை
அது திரும்பிப் போன பிறகுதான் கற்றோம்.

அவள் பதில் சொல்லவில்லை.
டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி
மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தாள்,
குமிழி எங்கிருந்து வருகிறது என்று.
இங்கே, என்றாள்.
விரலை வைத்து அடைத்தாள்.

கருத்துத் தாளில் நாலு நட்சத்திரம்.
குறை: இருக்கை கடினம்.
சவரிராயன் மறு அச்சுக்குக் கொடுக்கிறார்.
எரிமலையை எடுத்துவிடலாமா என்றேன்.
எடுத்தால் அங்கே எதைப் போடுவது என்கிறார்.

யோசித்துக்கொண்டே சைக்கிள்களைக் கழுவுகிறேன்.
முதலில் கறுப்பு இறங்குகிறது.
சிவப்பு, செயின் பல்லிடுக்கில்,
நாலாவது வாளிக்கும் அசையவில்லை.