அறுபத்தெட்டுப் புள்ளி

பெப்ரவரியில் வரும் அந்தப் படிவத்தில்
இரண்டே இரண்டு பெட்டி.
அகடமிக். அப்ளைட்.
பதின்மூன்று வயதுக்காரரை
இரண்டாய்ப் பிரித்து அனுப்புவது
ஸ்காபரோவில் எட்டாம் வகுப்பு எடுக்கும் என் வேலை.
தேத்தண்ணி ஆறுவதற்குள்
பாதி வகுப்பு முடிந்துவிடும்.

ரொமேய்னின் தாய் வந்தார்,
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து
சீருடை மாற்றாமல்,
சப்பாத்திலிருந்து உப்புப்பனி தரையில் வடிய.
"கணிதத்தில் அறுபத்தெட்டு," என்றேன்.
"அப்ளைட் அவனுக்கு இலகுவாயிருக்கும்."
இலகு என்ற சொல்லை
எவ்வளவு அன்போடு சொன்னேன் தெரியுமா.

அவர் கோபப்படவில்லை.
"அறுபத்தெட்டு எடுத்த மற்றப் பிள்ளைகளையும்
இதே பெட்டியிலா போட்டீர்கள், மிஸ்?"

போன பிறகு கோப்பை எடுத்தேன்.
துவாரகன், அறுபத்தேழு, அகடமிக்.
குறிப்பு: கவனம் சிதறுகிறது, ஆனால் கெட்டிக்காரன்.
மிதுஷா, அறுபத்தாறு, அகடமிக்.
குறிப்பு: வீட்டில் டியூஷன் ஒழுங்கு செய்கிறார்கள்.
ரொமேய்ன், அறுபத்தெட்டு.
குறிப்பு: கைவேலையில் ஆர்வமுள்ளவன்.

கைவேலை.
எங்கிருந்து வந்தது அது?
அவன் கையால் எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.
ஒருநாள் ஒரு கேள்வி கேட்டான்:
பின்னத்தால் வகுக்கும்போது
ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்?
பிறகு சொல்கிறேன் என்றிருந்தேன்.

அப்பாவிடம் ஒரு கதை உண்டு,
கலியாண வீடுகளிலும் சொல்லுவார்:
தரப்படுத்தல் வந்த வருடம்,
வேறு மொழியில் எழுதியிருந்தால்
மருத்துவத்துக்குப் போதுமாயிருந்த புள்ளி.
வெட்டுப்புள்ளி என்றால் என்னவென்று
எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.
ஆனால் வெட்டுகிற கை
இவ்வளவு மென்மையாய் இருக்கும் என்று
அப்பா சொல்லவில்லை.
அதில் பச்சை மார்க்கர் மை ஒட்டியிருக்கும் என்றும்.

புதுப் படிவம் கேட்டேன்.
காரணம் எழுதச் சொன்னார்கள்.
என் பிழை, என்று எழுதினேன்.
அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லையாம்.
மற்றவை என்பதில் போட்டுக்கொண்டார்கள்.

திங்கள், மணி அடித்த பின்
ரொமேய்னை நிற்கச் சொன்னேன்.
"அன்றைக்கு ஒன்று கேட்டாயே."
"பரவாயில்லை மிஸ்," என்றான், "பஸ் வந்துவிடும்."
அவன் கேட்பதை நிறுத்தி எத்தனை நாள் என்று
என் கோப்பில் இல்லை.

ஜாக்கெட் ஒரு கையில் தொங்க
கதவடியில் நின்று திரும்பினான்.
"வகுக்கிறதைத்தானே தலைகீழாக்க வேணும்?
ஏன் என்றுதான் தெரியாது."