நகங்கள் பற்றிய பத்தி

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள், பிடித்து நடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் யஸ்னா வருகிறாள்,
காற்று பிய்த்துப் போட்ட தலையோடு.
உள்ளே வந்ததும் தொப்பி.
ஒரு முடி வெளியே தெரியக் கூடாது.
காதோரச் சுருளையும் உள்ளே தள்ளு என்கிறேன்.
தள்ளுகிறாள்.

கதவோரம் நின்று பார்ப்பது என் வேலை.
தோடு. சங்கிலி. கைக்கடிகாரம்.
ஒருமுறை, ஒட்டிய இமைமயிர்.
வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது
இது எங்கே விழும், யோசி, என்றேன்.
பிய்த்துக் குப்பையில் போட்டாள்.
கண்ணில் நீர் வந்தது. பசையால்.
சென்ட் வேண்டாம், மயக்கம் தெளிபவர்களுக்குக் குமட்டும்.
கையை நீட்டு. திருப்பு.
நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது,
நிறமில்லாத பூச்சும் பூச்சுதான்.

என்னை யார் பார்ப்பது?
நானே பார்த்துக்கொள்கிறேன்.
மோதிரத்தைக் கழற்றி உள்ளாடையில் ஊக்கால் குத்தி
இருபத்திரண்டு வருஷம்.
எர்னான் போன பிறகும் குத்துகிறேன்.
விரலில் ஒரு பள்ளம் இருக்கிறது,
தேய்த்துக் கழுவும்போது பிரஷ் அதில் இறங்கி ஏறும்.
பள்ளத்தைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை.

ஜூலையில் ஓர் இரவு
காற்று ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள்
போர்வெனிரிலிருந்து படகில் கொண்டுவந்தார்கள் ஒரு பெண்ணை.
பனிக்குடம் திறந்த வேகத்தில்
நீரும் ரத்தமும் மேசை விளிம்பு தாண்டி
யஸ்னாவின் காலணிக்குள் இறங்கின.
அவள் அசையவில்லை.
கவ்வி, கத்தரி, பஞ்சு, மறுபடி கவ்வி,
கேட்கும் முன் கையில் வைத்தாள்.
டாக்டர் ஒயார்சூன் நிமிரவே இல்லை.
குழந்தை வீறிட்டபோது எல்லோரும் திரும்பினோம்,
அவள் பஞ்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.
இருபது. இருபது. சரி.

பிறகு, கழுவுமிடத்தில், காலணியைக் கவிழ்த்தாள்.
ஊறிய காலுறையை உரித்தாள்.
ஐந்து விரல். இன்னொன்றை உரித்தாள். ஐந்து.
பத்திலும் கலஃபாதே பழத்தின் கருநீலம்,
சுண்டுவிரலில்கூட ஓரம் பிசகாமல்.
என்னைப் பார்த்தாள்.
முகக்கவசத்தை இன்னும் அவிழ்க்கவில்லை,
சிரித்தாளா பயந்தாளா தெரியாது.

ஆறாம் பக்கம், நகங்கள் பற்றிய பத்தி,
எனக்கு மனப்பாடம்.
அன்றிரவு ஒரே ஒரு சொல்தான் நினைவு வரவில்லை:
கைநகம் என்றிருக்கிறதா, வெறும் நகம் என்றா?
எடுத்துப் பார்த்திருக்கலாம்.
அலமாரி இரண்டடி தூரத்தில் இருந்தது.

உலர்ந்த காலுறை ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தேன்.
சீக்கிரம் போடு, தரை சில்லென்றிருக்கிறது என்றேன்.
காதோரச் சுருள் வெளியே வந்திருந்தது.
அதைச் சொன்னேன்.